தெரிந்த பாட்டு இல்லாத தொகுப்பை வாங்கலாமா?

சந்தவாசல், படவேடு, போளூர் என்று ஜவ்வாது மலையடிவாரத்தில் எந்த ஊரில் விசாரித்தாலும் இளையராஜாவின் பாடல்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் கிடைப்பார்கள். ஆனால் 1986இல் அவர் சினிமாவுக்கு வெளியே உருவாக்கிய ‘ஹவ் டு நேம் இட்?’ வாத்திய இசைத் தொகுப்பை முழுதாகக் கேட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட தொகுப்பை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்ப்பது, அதில் தெரிந்த பாட்டு ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். அந்த அளவுகோலே தவறு. முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வைக்கிறதா என்பதுதான் சரியான கேள்வி.

பிடித்த பாட்டை மட்டும் பொறுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு போய், வெவ்வேறு படப் பாடல்களை ஒரே கேசட்டில் பதிந்து வாங்கினோம். இன்றைய பிளேலிஸ்ட் அதன் தொடர்ச்சி. தனித்தனிச் சூழலுக்காக எழுதப்பட்ட சினிமாப் பாடலுக்கு அது பொருந்தும்; வரிசையே பொருளாக அமைந்த தொகுப்புக்குப் பொருந்தாது. கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்ட இந்தத் தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பாகின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சந்திப்பின் உரையாடலாக ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’ வருகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் கேட்டால் பாதிப் பேச்சுதான் காதில் விழும். வி.எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக, மேற்கத்திய மரபுகள் இரண்டையும் இணைத்துச் செல்வதும் முழுதாகக் கேட்பவர்களுக்கே பிடிபடும்.

நல்ல இசை என்றால் ஏன் பரவவில்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இசை பரவும் வழி பெரும்பாலும் சினிமாதான். வெளிவந்தபோது இந்தத் தொகுப்புக்கு அந்த வாகனம் இருக்கவில்லை. பின்னர் இயக்குநர் பாலு மகேந்திரா இதே இசையை ‘வீடு’ படத்தின் பின்னணியாக்கியபோது, ஒரு சாதாரணக் குடும்பம் வீடு கட்டப் படும் பாட்டோடு அது இயல்பாக ஒட்டிக்கொண்டது. மேல்நாட்டுச் சாயல் உள்ள இசை நமக்கு அந்நியம் என்பதற்கு அந்தப் படமே மறுப்பு. நல்ல இசை பரவாமல் போவது ராக் உலகிலும் உண்டு. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வீட்டிலேயே நான்கு தடக் கேசட் கருவியில் பதிந்த ‘நெப்ராஸ்கா’, 1984இன் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ போல ஊரெங்கும் ஒலிக்கவில்லை. ஆனால் அவரது ஆழமான படைப்புகளைப் பேசும்போது அதைத் தவிர்க்க முடியாது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் காசு என்பது நியாயமான கேள்வி. இலவசமாகவே கேட்டுப் பாருங்கள், ஒருமுறைக்கு இருமுறை. பிடிக்காவிட்டால் வாங்க வேண்டாம். அதிகம் பேருக்குத் தெரியாதது என்பதே ஒரு தகுதி ஆகிவிடாது, அலமாரிப் பெருமைக்காக வாங்குவது வீண். மூன்றாம் முறையும் கேட்கத் தோன்றினால் காசு கொடுத்து வாங்குங்கள். பிரபலமான பாடலைக் காப்பாற்றக் கோடிக் காதுகள் இருக்கின்றன. சினிமாவின் துணையில்லாமல் ஒரு கலைஞர் தன் விருப்பத்துக்கு எழுதிய இசைக்கு அதைத் தேடி வருபவர்களே ஆதரவு. அந்தச் சிறு கூட்டம் காசு கொடுக்க முன்வந்தால்தான், அடுத்த தலைமுறை இசையமைப்பாளரும் படச்சூழலுக்கு வெளியே எழுதத் துணிவார்.