வம்சப் பெருமையும் வாத்தியப் பயிற்சியும்

2018 செப்டம்பரில் மங்கோலியத் தலைநகரான உலான்பாத்தரைச் சேர்ந்த 'தி ஹூ' என்னும் ராக் குழுவினர் நால்வர் தங்கள் முதல் பாட்டையும் அதன் காணொளியையும் வெளியிட்டபோது, அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் அறியாத தேசங்களிலெல்லாம் அது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டதும், அடுத்த ஆண்டிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர்களுக்கு மேடைகள் கிடைத்ததும் சாமானியமாக நடக்கிற காரியங்கள் அல்ல. 'யுவே யுவே யூ' என்ற அந்தப் பாட்டைக் கேட்ட அந்நியர்களில் பலர் அதைச் செங்கிஸ்கான் வம்சத்தாரின் போர்முழக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அடித்தொண்டையிலிருந்து எழும் அந்தக் குரலைக் கேட்டவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் பாட்டு சொல்வது வேறு. அது சொந்த ஜனங்களின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட கண்டனம். மங்கோலியராகப் பிறந்துவிட்டோம் என்ற பூரிப்பிலேயே காலத்தைப் போக்குவதும், உண்டும் குடித்தும் களித்தும் திரிவதும், மூதாதையர் பெயரைச் சொல்லி மார்தட்டிவிட்டு அவர்கள் விட்டுச்சென்ற மண்ணையும் போதனையையும் பேணாமல் இருப்பதும் என்ன விந்தை என்று அது கேட்கிறது.

இந்தக் கேள்வியின் சூடு நமக்கு விளங்க வேண்டுமானால் அந்த நாட்டின் சென்ற நூற்றாண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சோவியத் ஆதிக்கத்தின் நிழலில் இருந்த காலத்தில் செங்கிஸ்கானைப் புகழ்வது அபாயகரமான காரியம். 1962-ல் அவருடைய எண்ணூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாட முன்னின்ற ஆளும் கட்சியின் தலைவர்களில் ஒருவரான தோமோர் ஓச்சிர் பதவியை இழந்தார். அந்த விழாவுக்கென்று அச்சிட்ட தபால்தலைகளும் திரும்பப் பெறப்பட்டன. 1990-ல் ஜனநாயகம் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய பெயர் விமான நிலையத்துக்கும் வந்தது, வோட்காப் புட்டிக்கும் வந்தது. 2008-ல் தலைநகருக்குக் கிழக்கே 40 மீட்டர் உயரத்தில், குதிரைமேல் அமர்ந்த கோலத்தில், எஃகுச் சிலையாகவும் எழுந்து நின்றது. தடையிலிருந்து விடுபட்ட பெருமை இப்படி மலிந்து போனதைக் கண்ட தலைமுறையின் குரலே இந்தப் பாட்டு. புட்டியில் முன்னோரின் பெயரை ஒட்டி, அதைக் குடித்துவிட்டு, அவர்களுடைய கீர்த்தியைப் பேசுகிறவனைத்தான் அது மறித்துக் கேட்கிறது.

காணொளியும் அந்தக் கண்டனத்திலிருந்தே தொடங்குகிறது. நவீன வீட்டறைகளில் சோம்பிக் கிடக்கும் இளைஞர்களை முதலில் காண்கிறோம். அவர்கள் கதவைத் திறந்ததும் எதிரே புல்வெளியும் மலையும் நீர்நிலையுமாக எல்லையற்ற வெளி விரிகிறது. அங்கே குழுவினர் தோலாடை அணிந்து வாத்தியங்களோடு நிற்கிறார்கள். காட்சி கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கம்பீரமே பாட்டின் பொருளுக்குப் பகையாகிவிடுகிறது என்பது நம் அபிப்பிராயம். வீண்பெருமையைச் சாடும் பாட்டுக்குப் பெருமிதமே வடிவான காட்சிகளைச் சேர்த்தால், சொல் அறியாதவன் கண்ணால் கண்டதையே நம்புவான். கண்டனம் கொண்டாட்டமாகவே அவனுக்குப் போய்ச் சேரும்.

ஆனால் காட்சி தவறவிட்டதை வாத்தியங்கள் ஈடுசெய்கின்றன. கிதார் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே முன்னிற்பது குதிரைத்தலை செதுக்கிய 'மோரின் கூர்' என்னும் பிடில். அதற்குத் தந்திகள் இரண்டே. பெரியதை ஆண்குதிரையின் வால்மயிராலும் சிறியதைப் பெண்குதிரையின் வால்மயிராலும் கட்டுவது சம்பிரதாயம். தந்தியைப் பலகையோடு சேர்த்து அழுத்தாமல், நகத்தைப் பக்கவாட்டில் பதித்தே ஸ்வரம் பிடிக்க வேண்டும். அதனோடு மீட்டி வாசிக்கும் 'தொவ்ஷூர்' என்பதும், நம் மோர்சிங்கின் உறவான இரும்பு வாத்தியமும், ஒரே தொண்டையில் ஆதார ஸ்ருதியையும் அதன்மேல் சீழ்க்கை போன்ற மேல்ஸ்வரத்தையும் ஒருங்கே எழுப்பும் 'ஹூமேய்' என்ற பாடும் முறையும் சேர்கின்றன. இவற்றில் எதுவும் பரம்பரையில் பிறந்த மாத்திரத்தில் ஒருவனுக்கு வந்துவிடாது. முறையான இசைப்பயிற்சி பெற்றவர்கள் என்பதனால்தான் இந்த நால்வரால் அவற்றை மின்சார ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கும் டிரம்ஸின் வேகத்துக்கும் ஈடுகொடுக்க வைக்க முடிந்தது. மூதாதையர் பெயரைச் சொல்லாதே, அவர்கள் செய்த வேலையைக் கற்றுக்கொள் என்று பிறருக்கு உபதேசிக்கும் யோக்கியதையை அவர்களுக்குத் தந்தது இந்தப் பயிற்சியே.

2019-ல் மங்கோலிய அரசு இக்குழுவுக்குச் செங்கிஸ்கான் விருதையே அளித்துக் கௌரவித்தது. தகுதியுடையவர்களுக்குப் போன விருதுதான். என்றாலும் முன்னோர் பெயரை மலிவாக்குவதைக் கண்டித்தவர்களுக்கு அந்த முன்னோரின் பெயராலேயே பதக்கம் சூட்டப்பட்டதில் ஒரு முரண் இல்லாமல் இல்லை. கண்டிக்கிறவனை எதிர்ப்பதைவிட அவனுக்கு மாலை போட்டுத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது எந்த அரசுக்கும் சுலபம்; மாலை கழுத்தில் விழுந்த பின்னரும் அதே கேள்வியை அதே கூர்மையோடு கேட்பதுதான் கலைஞனுக்குக் கடினம். முதல் பாட்டிலேயே இவ்வளவு பெரிய கேள்வியை எழுப்பியவர்களை, இனி அவர்கள் பாடும் ஒவ்வொரு பாட்டும் அந்தக் கேள்வியைக் கொண்டே அளக்கும்.