நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு நோயாளி!

திருத்தங்கலிலிருந்து ஒரு அம்மா கணவரை அழைத்து வந்தார். நாள்பட்ட பெருங்குடல் புண். ரத்தமும் சீதமுமாகப் போகிறது. நாடி பார்த்தது அவருக்கு. வாடிக் கிடந்ததோ அந்த அம்மாவின் முகம்! "நீங்க தூங்கினீங்களாம்மா?" என்றேன். பொலபொலவென்று அழுதுவிட்டார்.

ராத்திரி அவர் நாலு தடவை எழுந்தால் இவரும் எழ வேண்டும். விடிந்தால் பட்டாசு ஆலைக்கு ஓட வேண்டும். செய்த கணக்குக்குத்தான் கூலி. தூக்கக் கண்ணோடு வெடிமருந்துப் பக்கம் உட்காரலாமா? 2012-ல் முதலிப்பட்டி விபத்தில் 30 பேருக்கு மேல் பலியானதை நம் ஊர் மறக்குமா?

போதாக்குறைக்கு, "உன் சமையல்தான் காரணம்" என்று மாமியார் பேச்சு வேறு. இல்லவே இல்லை. இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. தட்டு, டம்ளரைத் தனியே வைக்காதீர்கள். ராத்திரி முறையை வீட்டில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் மருந்தைச் சாப்பிடுவதானாலும், ஆஸ்பத்திரி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தப்போக்கோடு காய்ச்சலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த முறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? பக்கத்தில் நிற்பவரிடமும், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் மருந்துதான்!