பெட்டைக் குட்டிக்கு அவசரம் வேண்டாம்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீதியின் பெயர் பஃபலோ ரோடு. வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கர்பாவ், அதாவது எருமைப் பட்டி. மாட்டு வியாபாரி பெலிலியஸ் பெயரிலும் அங்கே ஒரு சாலை உண்டு. கால்நடையால் வளர்ந்த அந்த இடத்தில் இன்று பட்டி இல்லை. இறைச்சி வெளிநாட்டிலிருந்து வருகிறது. பட்டி போட இடமுள்ளது தோட்டத்து மக்களாகிய நமக்குத்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. 1980களிலேயே மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறிகளை மேயவிட்டுக் களையைக் குறைக்கும் முறையை ஆராய்ந்தது. உள்ளூர் மாலின் ஆட்டுடன் டோர்செட் இனத்தைக் கலந்தும் பார்த்தார்கள்.

பட்டி பெருகுவது பெட்டைக் குட்டிகளால். ஆனால் அவை முழு வளர்ச்சி அடையுமுன்பே பருவத்துக்கு வந்துவிடும். அப்போதே சினைப்பட்டால் ஈனுவது கடினம், பால் குறையும், தாயின் வளர்ச்சியும் நின்றுவிடும். சில சமயம் தாயும் குட்டியும் சேர்ந்தே போய்விடும். ஆகவே கிடாக் குட்டிகளை 4 மாதத்திற்குள் தனியே பிரித்துவிடுங்கள்.

வயதைவிட எடை முக்கியம். பெரிய ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வந்தபின் கிடாவுடன் சேர்க்கலாம். உங்கள் பட்டியில் தாயாடு 24 கிலோ என்றால் குட்டி 16 கிலோவாவது இருக்க வேண்டும். தராசில் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்.

சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்து, தீனியைக் கூட்டுங்கள். கிடாவின் நெஞ்சில் சாயம் பூசினால் எந்த ஆடு சேர்ந்தது என்று தெரியும். சினை பிடிக்காத ஆடு சுமார் 17 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். அப்போது சாயத்தின் நிறத்தை மாற்றுங்கள். புது நிறம் விழுந்த ஆட்டுக்கு முதலில் சினை பிடிக்கவில்லை என்று பொருள்.

தேதிகளைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். ஜனவரி 10ஆம் தேதி சேர்ந்த ஆடு ஜூன் முதல் வாரத்தில் ஈனும். குட்டி விழுந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தலையீற்று ஆடு சில வேளை குட்டியை ஒதுக்கும். இரண்டையும் சிறு தடுப்புக்குள் சேர்த்து வையுங்கள்.

தகப்பன் கிடாவையே மகளுடன் சேர்க்காதீர்கள். அடுத்த வீட்டாருடன் கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். தீபாவளிச் செலவுக்கு விற்பதானால் கிடாக் குட்டியை விற்றுவிட்டு, நல்ல தாயின் பெட்டையைப் பட்டியில் நிறுத்துங்கள். அடுத்த தீபாவளிக்கு விற்கக் குட்டி தரப்போவது அதுதான்.