ஆறாப் புண்ணும் உறிஞ்சும் பஞ்சும்

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபோது வன்னிப் பெருநிலத்து இல்லங்கள் பலவற்றில் ஒரு கட்டில் நிலையாக இடம்பிடித்துக்கொண்டது. எறிகணைச் சிதறலால் முள்ளந்தண்டு சிதைந்து, இடுப்பின் கீழ் உணர்விழந்தோர்க்கு அக்கட்டிலும் சக்கர நாற்காலியுமே உலகமாயின. அவர்களை விடாது தொடரும் பகை படுக்கைப் புண்ணாகும்.

நாம் உறக்கத்திலும் புரண்டு படுக்கின்றோம். எலும்பு உறுத்துவதை உடல் உணர்த்திவிடுகின்றது. உணர்வற்றவர்க்கு அவ்வறிவிப்பு இல்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தசை நசுங்கி, இரத்தவோட்டம் தடைப்பட்டு, உள்ளேயே அழுகுகின்றது. மேலே நாணயக் குற்றியளவு தோன்றும் புண், உள்ளே எலும்பு வரை குடைந்திருப்பதும் உண்டு.

இத்தகைய ஆழ்ந்த புண்ணுக்கு இன்று மருத்துவர் கையாளும் முறைகளுள் ஒன்று எதிர்மறை அழுத்தச் சிகிச்சை. பெயர் கேட்டு மிரள வேண்டியதில்லை. அழுகிய தசையை வெட்டி அகற்றிய பின், குழியின் அளவுக்கு நறுக்கிய நுண்துளைப் பஞ்சை அதில் இட்டு, காற்றுப் புகாத மெல்லிய படலத்தால் மூடி, குழாய் வழியே சிறு பம்பியொன்றுடன் இணைப்பர். வழக்கமாக வளிமண்டல அழுத்தத்திலும் 125 மில்லிமீற்றர் இரசம் குறைவாக வைத்து அது உறிஞ்சும். கசியும் நீர் வெளியேறும், வீக்கம் தணியும், விளிம்புகள் நெருங்கும், செந்நிறப் புதுத் தசை அரும்பும். இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை பஞ்சை மாற்றுவர்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆர்ஜென்ரா, மொறிக்வாஸ் என்னும் இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வுகளே இம்முறையை உலகறியச் செய்தன. எனினும் படுக்கைப் புண்ணுக்கு ஏனைய முறைகளிலும் இது மேலானதென்று நிறுவப் போதிய சான்று இன்னும் இல்லை. அழுகல் நீங்காத புண்ணிலும், எலும்பிற் பரவிய தொற்றுக்குச் சிகிச்சை பெறாத புண்ணிலும் இதனை இடலாகாது. வீட்டிலே நாமாகச் செய்து பார்ப்பதோ பேராபத்து.

மேலும், பம்பி புண்ணீரை உறிஞ்சுமேயன்றி, நோயாளரைப் புரட்டிப் படுக்கவைக்காது! 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், முள்ளந்தண்டு சிதைந்த போர்வீரரை இரண்டு மணிக்கொரு முறை, நள்ளிரவிலுங்கூட, புரட்டச் செய்தார். அதற்கு முன் அத்தகையோரிற் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். அங்கே அப்பணிக்குத் தாதியர் இருந்தனர். நம் வீடுகளில் அது மூப்பெய்திய தாயின் கைகளில் அன்றோ விழுகின்றது! அத்தாயின் உறக்கத்தை ஏனையோரும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும்.

நாற்காலியில் இருப்போர் கைகளை ஊன்றி அடிக்கடி உடலைத் தூக்கிக்கொள்க. நடுவில் துளையுள்ள வளைய மெத்தை நல்லதெனப் பலர் நம்புகின்றனர். அது சுற்றியுள்ள தசையை நசுக்கிக் கேடே விளைக்கும். நாள்தோறும் உடல் துடைக்கும்போது வாலெலும்பு, இடுப்பு, குதிக்கால் ஆகிய இடங்களைப் பார்த்துக்கொள்க. கறுத்த மேனியில் சிவப்பு எளிதிற் புலப்படாது. ஆகவே புறங்கையால் தொட்டுப் பார்ப்பதே வழி. ஓரிடம் மட்டும் சூடாகவோ கடினமாகவோ இருப்பின், தோல் வெடிக்கும்வரை காத்திராது, அன்றே அப்பக்கம் படுப்பதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுக.