தேய்ந்த தட்டும் நமது சிக்கனமும்

பாலாவிச் சந்தியில் இருந்து கற்பிட்டி வரும் வீதியில் வாகனம் ஓட்டுபவர்களுக்குக் கழுதைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2023 நடுப்பகுதியில் ஒரு மாலை, நுரைச்சோலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது பற்றைக்குள் இருந்து ஒரு கழுதை வீதியில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் கையில் உதறியது. கார் நின்றது. ஆனால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நின்றது. கழுதை விலகிவிட்டது. அவ்விடத்தில் ஒரு பாடசாலைச் சிறுவன் நின்றிருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

குற்றம் கழுதையினுடையதன்று; என்னுடையது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது, உதிரிப்பாகங்களின் விலையும் எகிறியது. முன்சக்கரங்களின் பிரேக் பேட்கள் முடிந்திருந்தன. கராஜில் இருந்த தம்பி அப்போதே சொன்னார்: "சேர், டிஸ்க்கும் தேஞ்சு போச்சு. ரெண்டையும் சேத்து மாத்தினாத்தான் சரிவரும்." நான் பேட்களை மட்டும் மாற்றச் சொன்னேன். பல ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்கு விலைவாசி தெரிந்த அளவுக்கு இரும்பைத் தெரிந்திருக்கவில்லை.

விடயம் மிக எளிது. பேட் தட்டையானது. தேய்ந்த டிஸ்க்கிலோ பள்ளமும் மேடும் விளிம்பில் வரப்பும் இருக்கும். புதிய பேட் அதில் முழுமையாகப் பதிவதில்லை. மேடுகளை மட்டுமே கவ்வும். தேய்ந்து மெலிந்த தட்டு விரைவில் சூடேறும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையது புதிதில் 22 மில்லிமீற்றர். 20க்குக் கீழே போனால் பயன்படுத்தக்கூடாது. அளந்து பார்த்தபோது 19 இருந்தது.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நல்ல பிரேக் பிடித்தால், மிதித்த கணத்தில் இருந்து ஏறத்தாழ 20 மீற்றரில் கார் நிற்கும். பிடிமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது 28ஐத் தாண்டிவிடும். எட்டு மீற்றர் என்பது இரண்டு கார்களின் நீளம்.

ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு என்றிருக்கும் நமது குடாநாட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது; உப்புக்காற்றில் ஓரிரவிலேயே செம்மண் நிறத்தில் துரு பூக்கும். வெளிமுகத்தைக் கண்ணால் காணலாம். உள்முகம் நம் கண்ணுக்குப் படாது. காலிப்பர் நகரும் ஊசிகளும் துருவேறி இறுகும். அப்போது ஒரு பேட் முழுதாகத் தேய, மற்றது புதிதாகவே இருக்கும். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து "இன்னும் கிடக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

மாற்றும்போது இடமும் வலமும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். புதிய டிஸ்க்கில் பூசப்பட்டிருக்கும் எண்ணெயைத் துடைக்காமல் பூட்டவேண்டாம். ஹப்பின் முகத்தில் உள்ள துருவைச் சுரண்டாவிட்டால் புதுத் தட்டும் கோணலாகச் சுழலும். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக்கூடாது. வேலை முடிந்ததும், கார் நகர முன்னரே பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பாருங்கள். முதல் சில நூறு கிலோமீற்றர்களுக்கு மென்மையாகப் பிடியுங்கள்.

நான் கேட்பது இதுதான். 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு வாகனத்தின் புகையைப் பரிசோதிக்கிறோம். புகையைப் பார்க்க நிற்கும் அதே பத்து நிமிடத்தில் சக்கரத்துக்குள் ஏன் எட்டிப் பார்க்கக்கூடாது? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களையே ஓட்டினோம். இன்றும் நம்மில் பலர் அவற்றையே ஓட்டுகிறோம். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை.

நான் மிச்சம் பிடித்தது ஒரு சோடி தட்டின் விலை. அந்தக் காசு என் பையில் இருந்த ஓராண்டு முழுவதும் அந்த வீதியில் நடந்தவர்கள் எவரும் என் சிக்கனத்துக்குச் சம்மதம் தந்தவர்கள் அல்லர்.