ஊர் திரும்பியோரும் நமது சங்கங்களும்

பட்டணத்தில் பிணியோ வேலையின்மையோ தோன்றினால் மக்கள் கிராமத்தை நோக்கி நடப்பது புதிய காரியமன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ஆலைத் தொழிலாளர் கூட்டங் கூட்டமாகக் கொங்கணத்துக்குத் திரும்பினர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் சென்னை நகரம் வெறிச்சோடிற்று. 2020-இல் புழல் வழியே வடக்கே செல்லும் ஜி. என். டி. சாலையில் நாம் கண்டதும் அதுவே.

அவ்வாண்டு மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பட்டறைகள் கதவடைத்தன. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. மே மாத வெயிலில் வடமாநிலத் தொழிலாளர் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தனர். ஜூன் 19-இல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு என்றதும் நம்மவரும் சொந்த ஊருக்குப் புறப்பட்டனர்.

ஊர் என்ன செய்தது? சில இடங்களில் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டனர். அது நமக்குப் பெருமையன்று. ஆயினும் பெரும்பாலும் உள்ள கஞ்சியைப் பகிர்ந்தே உண்டனர். நாட்டில் வேலை செய்வோரில் விவசாயத்தைச் சார்ந்தவர் 2018-19-இல் நூற்றுக்கு 42.5, 2019-20-இல் 45.6. இதை விவசாயத்தின் வளர்ச்சி என்று கொள்ளலாகாது. ஒருவர் செய்யும் வேலையை இருவர் பங்கிட்டனர் என்பதே இதன் பொருள்.

சர்க்கார் வாளாவிருக்கவில்லை. ஊரக வேலைத் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் 40,000 கோடி ரூபாய் கூடுதலாக ஒதுக்கிற்று. மாநிலத்தில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசியும் பெரும்பாலும் கூட்டுறவுக் கடைகள் வாயிலாகவே சேர்ந்தன. நோய்க்கு அஞ்சாது கடை திறந்த ஊழியர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் நிவாரணம் வேறு, பிழைப்பு வேறு. திரும்பி வந்த நெசவாளி மகனுக்கு வீட்டில் இருப்பது ஒரே தறி. அதிலும் தந்தை அமர்ந்திருக்கிறார். குத்தகை நிலத்தில் இறங்கியவனுக்குப் பட்டா இல்லை. ஆகவே பயிர்க்கடன் எளிதில் கிட்டுவதில்லை. “இவர்கள் நாளை மறுபடியும் பட்டணம் போவார்கள், கடனை யார் கட்டுவது?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பலர் திரும்பிப் போனதும் உண்மையே. அதனாலேயே சிறு தொகை, குறுகிய தவணை, இரு அங்கத்தினர் ஜாமீன் என்ற முறையை வேண்டுகிறோம்.

அடுத்த இடர் நாள் குறித்து வராது. எனவே இவ்வாண்டு மகாசபையிலேயே மூன்று தீர்மானங்கள் வேண்டும்: வெளியூர் சென்றவரின் அங்கத்தினர் உரிமையை எளிதில் புதுப்பித்தல், சும்மா கிடக்கும் தறிகளைக் கணக்கெடுத்தல், ஆபத்துக்கால நிதி ஒன்றை ஒதுக்குதல். பிள்ளைகள் வாசலுக்கு வந்து நின்ற பிறகு விதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பது கூட்டுறவாகாது.