மனு கொடுக்கப் போன தலைவர்

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-ம் தேதி கொல்லப்பட்டார். அவர் கொல்லப்பட்ட விதம் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அவர் எங்கே போனார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. தீக்கிரையான வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்காரக்கூட முடியாத நிலை. உயிருக்கு மிரட்டல் வேறு. ஆனாலும் ஊர் வேலை நிற்கவில்லை. துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்டோரும் அன்று அவருடன் உயிரிழந்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் கதை வேறு. தேர்தலையே நடத்தவிடாமலும், நடந்தால் வென்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தும் 10 ஆண்டுகள் ஓட்டினார்கள். 2006-ல்தான் அங்கே தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

இப்போது வாக்குப்பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அச்சுறுத்தல் அலுவலகத்துக்குள் இடம் மாறியிருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. பட்டியலினத் தலைவரை முடக்க இதைவிட வசதியான ஆயுதம் இல்லை. துணைத் தலைவர் வெளியூர் போய்விடுவார், போனை எடுக்க மாட்டார், பில்லில் குறை சொல்வார். மோட்டார் பழுதாகிக் கிடக்கும், தெருவிளக்கு எரியாது, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் தள்ளிப்போகும். ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். 'இவங்களுக்கு நிர்வாகம் தெரியாது' என்ற பேச்சு டீக்கடையில் கிளம்பும். அந்தப் பேச்சுக்காகவே கையெழுத்து நிறுத்தப்பட்ட ஊர்களும் உண்டு.

இத்தனைக்கும் நடுவே குடிநீர்க் குழாய் வந்திருக்கிறது, நூறு நாள் வேலை நடந்திருக்கிறது, சுடுகாட்டுக்குப் பாதை விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு போட்டு, ஒன்றிய அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து வாங்கிய வேலைகள் அவை. பொதுத் தொகுதித் தலைவர் ஒரு போனில் முடிப்பதற்கு இவர்கள் ஒரு மாதம் அலைகிறார்கள் என்பதை ஆட்சியர் அலுவலகமும் அறியும்.

கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-ல் வெளியான பிறகே நடவடிக்கை வந்தது. தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. படம் எடுக்க ஆளில்லாத ஊர்களில் என்ன நடக்கிறது?

சட்டத்தில் குறையில்லை. பட்டியலின ஊராட்சித் தலைவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி தனிக் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வேட்புமனு போடவிடாமல் தடுப்பதும் அப்படியே. ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கூட்டங்களில் பேசப்படுவது பெரும்பாலும் பதிவான வழக்குகளும் நிவாரணத் தொகையும்தான். கிடப்பில் போடப்பட்ட கையெழுத்து வழக்காகப் பதிவாவதில்லை. ஆகவே அது மேசைக்கு வருவதே இல்லை.

2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்து, நம் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துவருகிறார்கள். தேர்தல் எப்போது, எந்த ஊர் எந்தப் பிரிவுக்கு என்பதெல்லாம் தெளிவாகவில்லை. மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்ததை மறக்காத குடும்பங்கள், இந்த முறை போட்டியிடுவதா என்று இப்போதே யோசிக்கின்றன.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியான மறுவாரமே கண்காணிப்புக் குழு கூட வேண்டும். எந்தெந்த ஊரில் முன்பு மனுக்கள் வாபஸ் வாங்க வைக்கப்பட்டன, எங்கே கையெழுத்து மறுக்கப்பட்டது என்ற விவரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் இருக்கிறது. தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கும் இந்த மாதங்களிலேயே அதைத் தொகுத்து, ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் கொடுத்துவிடலாம்.